வேம்புக்குக் கீழே பாறை

அப்பா ஸ்ரீரங்கத்து வாழைத் தோட்டங்களில் வளர்ந்தவர். அங்கே எங்கே தோண்டினாலும் வண்டல், அப்புறம் மணல், அப்புறம் தண்ணீர். பூமி முழுக்க அப்படித்தான் என்று நினைத்திருந்தார். ரயில்வே வேலை கிடைத்து, பொன்மலைப் பக்கம் மனை பார்த்தபோது, கள்ளியும் முள்ளுமாகக் கிடந்த கரட்டடியில் ஒரே ஒரு பெரிய வேப்பமரம் நின்றது. "இவ்வளவு பெரிய மரம் நிக்குதுன்னா கீழ எவ்வளவு மண்ணு இருக்கணும்" என்று மரத்தை ஒட்டியே வீட்டைக் கட்டிவிட்டார்.

அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த ஆவணியில், மரத்தின் மறுபக்கம் கிணறு வெட்ட ஆள் விட்டார். தொடைப் பருமனில் வேர்கள் குறுக்கே ஓடின. "வெட்டுங்க. ஆணிவேர் இருக்கு, ஒண்ணும் ஆகாது" என்றார். வெட்டினார்கள். இடுப்பளவு போனதும் கடப்பாரை ணங்கென்றது. குழி முழுக்க ஒரே பாறை, மரத்தடி வரைக்கும். வேர்களெல்லாம் பாறையைத் தொட்டதும் மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தன. கரட்டிலிருந்து வழிந்த மண் பாறைப் பள்ளத்தில் தங்கியிருந்தது. அந்த மண்ணில்தான் அத்தனை பெரிய மரம். அதற்கு இருந்த பிடிப்பையும் ஒரு பக்கம் நாங்களே அறுத்துவிட்டோம். சாய்ந்தால் இனி வீட்டுப் பக்கம்தான்.

"மரத்தை எடுத்துடலாங்க" என்றாள் அம்மா.

"புள்ளத்தாச்சி இருக்கற வீட்டுல பச்சை மரத்தை வெட்டுவாங்களா?" என்று அப்பா குழியை மூடச் சொன்னார்.

மரத்தடி அறையில் படுத்திருந்த அக்காவை அம்மா சமையலறைக்கு மாற்றினாள். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் கட்டிலை அந்த அறையில் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டார். அந்த ரோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான்.

ஐப்பசி மழை விடாமல் பெய்தது. பாறைக்குள் தண்ணீர் இறங்க வழியில்லை, மேலிருந்த மண் கூழாகிவிட்டது. சோற்றில் கை வைக்கும்போதுகூட என் காது மரத்தின் மேலேயே இருந்தது. எவ்வளவு காற்றடித்தும் மரம் நின்றது. அதற்குள் அக்காவுக்குப் பெண் பிறந்தது.

மழை விட்டுப் பளிச்சென்று வெயிலடித்த ஒரு காலையில், "பாத்தீங்களா, விழுந்துச்சா?" என்று அப்பா அந்த அறையில் தூளி கட்டினார். அம்மா பேத்தியைத் தரவில்லை. "குளிப்பாட்டிட்டுத் தரேன்" என்று கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அக்கா வெந்நீர் விளாவினாள். அப்பா கட்டிலில் சாய்ந்துகொண்டார்.

இலைகூட ஆடவில்லை. தரைக்கடியில் சாக்கு கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு ஓடுகள் நொறுங்கின. காலில் போட்டிருந்த குழந்தையை அம்மா நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள், எழுந்திருக்கவில்லை.

"போய்ப் பாரு" என்றாள் என்னிடம்.

போனேன். அறை இருந்த இடத்தில் மரம் கிடந்தது. வேர்கள் பெயர்ந்த இடத்தில் பாறை கழுவிவிட்டது போலச் சுத்தமாக இருந்தது. கிளைகளுக்குள் குனிந்து அப்பாவைக் கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன்.