இரும்புக்கடை தணிகாசலமும் என் ரத்தமும்

கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபது வயதுக்கு மேல் எழுதப் பழகிய கை இது. செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். இரும்புக்கடை தணிகாசலம் காலமானார். நான் முழுதாகப் படித்த முதல் போஸ்டர் அதுதான் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் ‘பண்பின் சிகரம்’ என்று போட்டிருந்தார்கள். கடைத்தெருக்காரர்களே, அது பொய்.

என் கயிற்றுக்கடை வாசலை மறித்துக் கம்பிகளை அடுக்கியவர் அவர். கேட்டால், “இன்னாய்யா, உங்கப்பன் ஊட்டு ரோடா?” என்பார். நான் கைநாட்டு வைப்பதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அந்த எரிச்சலில்தான் முதியோர் கல்வி வகுப்புக்குப் போனேன். அதற்காக நன்றி சொல்ல மாட்டேன்.

போன வருஷம் எனக்குத் தொண்டையிலும் அவருக்கு வாயிலும் புற்றுநோய். புதுச்சேரியில் ஒரே ஆஸ்பத்திரியில் இருவருக்கும் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். “வலியோ படபடப்போ வந்தால் நரம்பு ஒரு பொருளை ரத்தத்தில் விடும். கரண்ட் வைத்தபின் அது கூடுதா, குறையுதான்னு பார்க்கிறோம்” என்று டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சிக்காக எங்கள் ரத்தத்தைக் கேட்டார். சம்மதித்தோம். ரத்தம் எடுக்கும் முன் கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார வேண்டும் என்றார்.

அடுத்தடுத்த நாற்காலி. “உன் ரத்தத்துல இன்னா இருக்கும்? கயித்துத் தூசிதான்” என்றார் தணிகாசலம். “உன்னுதுல துரு” என்றேன். நர்ஸ் ஓடி வந்தாள். “இப்படிக் கத்துனா, கரண்டால ஏறுச்சா, சண்டையால ஏறுச்சான்னு எப்படித் தெரியும் தாத்தா?” எங்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் இருமினார். என்னைச் சீண்டத்தான்.

பாதி வைத்தியத்தில் தொண்டை வெந்து கஞ்சிகூட இறங்கவில்லை. இனிப் போவதில்லை என்று படுத்துவிட்டேன். மறுநாள் காலை வாசலில் ஆட்டோ. வாயெல்லாம் புண்ணோடு அவர் கத்தினார்: “நீ செத்தா எனக்கின்னா? பாதியில ஓடிட்டான்னு கடைத்தெருவெல்லாம் சொல்லுவேன். ஏறுறியா இல்லியா?”

ஏறினேன். அன்று என் ரத்தத்தில் அந்தப் பொருள் குடம் குடமாய் இருந்திருக்கும். வைத்தியத்தை முடித்தேன். எனக்கு நோய் அடங்கியது. அவருக்குத் திரும்பி வந்தது. அதை என்னிடம் சொல்லாமலே போய்விட்டார். அதையும் நான் மன்னிக்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கோபம்தான். பரிசோதனைக்குத் தனியாகப் பஸ் ஏறும்போது அதைத்தான் துணைக்குக் கொண்டுபோகிறேன். அவர் என்னைத் திட்டியதில் பாதியைக்கூட இன்னும் எழுதவில்லை; கை வலிக்கிறது. மிச்சத்தை அடுத்த வாரம் உட்கார்ந்து எழுதுவேன். ஒரு வசவையும் விட்டுவிட மாட்டேன்.