செவ்வாய்க்கிழமைகளில் ஏறிய அழுத்தம்

பூந்தமல்லியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்த கிளினிக். ஒரு டாக்டரம்மா, ஒரு நர்ஸ், இரண்டு அறைகள். நான் முதலில் அங்கே போனது நோயாளியாகத்தான். தை மாதம், வியாழக்கிழமை. சர்க்கரை எல்லையில் நிற்கிறது, இன்னும் நோயாகவில்லை, பிடித்து நிறுத்தலாம் என்றார் டாக்டரம்மா. மூன்று மாதம் கழித்துப் போனபோது, அதுவரை சாப்பிட்டதையும் நடந்த தூரத்தையும் நாள்வாரியாக எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சோதித்துப் பதிவேட்டில் குறிப்பதே என் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் கை நிற்கவில்லை.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி என் பேஷண்ட்டுங்களுக்கும் எழுதித் தருவீங்களா சார்?" என்றார்.

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. காய்ச்சலுக்கு வருகிறவர்களுக்குப் பிரஷர் இருப்பது தெரிகிறது, ஒரு மாதத்துக்கு மாத்திரை வாங்கிப் போகிறார்கள், அதோடு சரி. மறுபடி வரும்போது ஒரு கையைத் தூக்க முடியாமல் வருகிறார்கள். "வந்தவங்களைத்தான் எனக்குத் தெரியும். வராதவங்க யாருன்னு தெரிய மாட்டேங்குது" என்றார். அந்த வாக்கியத்தை அன்றைக்கே என் நாட்குறிப்பில் எழுதிவைத்தேன்.

அப்படித்தான் செவ்வாயும் வெள்ளியும் அயனம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து அங்கே போகத் தொடங்கினேன். நீளவாக்கில் மூன்று நோட்டுகள் போட்டேன். ஒன்று பிரஷருக்கு, ஒன்று சர்க்கரைக்கு, மூன்றாவது என்னைப் போல எல்லையில் நிற்கிறவர்களுக்கு. யார் எப்போது வந்தார்கள், அடுத்து எப்போது வர வேண்டும், வராவிட்டால் நான் எப்போது போன் செய்தேன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். நர்ஸ் பூந்தமல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். முதல் வாரம் முழுக்க என்னை ஓட்டிக்கொண்டே இருந்தாள். "இன்னா சார், ரயில்வே டைம்டேபிள் எழுதிக்கினு கீறீங்களா?"

இரண்டாவது மாதம் ஒரு யோசனை சொன்னேன். சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கும் ஆள் செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும்தான் வருவார். அன்றைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு இன்னொரு நாள் சாயங்காலம் டாக்டரைப் பார்க்க வர வேண்டும் என்பதால், வேலைக்குப் போகிறவர்கள் பாதிப்பேர் இரண்டாவது நடையை விட்டுவிடுவார்கள். ரத்தம் எடுத்த கையோடு, அதே காலையில் பிரஷரையும் பார்த்து டாக்டரிடம் அனுப்பிவிட்டால் என்ன? டாக்டரம்மா ஒப்புக்கொண்டார். வராதவர்கள் குறைந்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்காரர்களில் ஒருவர் பிரியாணி மாஸ்டர். பூந்தமல்லிக்காரர், அறுபதை நெருங்கியவர், சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர். கல்யாணங்களுக்கு விறகடுப்பில் சமைப்பவர். தேக்சா என்கிற பெரிய பாத்திரத்தைச் சுற்றிப் பத்துப் பேர் வேலை செய்வார்களாம். மூடியை அடைத்துத் தணலில் தம் போடுவதும், பிறகு மூடியைத் திறப்பதும் அவர் கைதான். அவர் உள்ளே நுழைந்தாலே நர்ஸ் தொடங்கிவிடுவாள்.

"பாய், உப்பு கொறைச்சீங்களா?"

"ஊட்ல கொறைச்சாச்சு தங்கச்சி. கல்யாண ஊட்ல கொறைச்சா என்னியே தூக்கி தேக்சாவுல போட்ருவாங்க."

ஆனால் பிரஷர் இறங்கவில்லை. முதல் செவ்வாய் அதிகம். அடுத்த முறை இன்னும் அதிகம். டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டினார். மூன்றாவது முறையும் அப்படியே இருந்ததால் இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார். மூன்றையும் நான்தான் என் கையெழுத்தில் வரிசையாகக் குறித்தேன்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, தன் முறை அல்லாத நாளில், அவர் படியேறி வந்தார். நல்ல மழை. கூட வந்த அவருடைய மச்சான் அவரது முழங்கையைப் பிடித்திருந்தார். முந்தைய நாள் ஒரு நிக்காஹ் வீட்டில் மூடியைத் திறக்கக் குனிந்து நிமிர்ந்தபோது தலை சுற்றி, அடுப்புப் பக்கமாகச் சாய்ந்துவிட்டாராம். மச்சான் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார்.

"இனிமே நீ நாற்காலி போட்டு குந்திக்கோ மாமா. உப்பு மட்டும் பாரு. மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்றார் மச்சான்.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "நாற்காலியில குந்திகினு தம் போட்டவன எங்கனா பாத்துக்கீறீங்களா சார்?"

டாக்டரம்மா பிரஷர் பார்த்தார். மிகவும் குறைவாக இருந்தது. எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தால் இன்னும் இறங்கியது. புதிதாகச் சேர்த்த மாத்திரையை நிறுத்தினார். காரணம் தெரிகிற வரை அடுப்பருகே போக வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். மாஸ்டர் தலையாட்டினார். படியிறங்கும்போது மச்சானின் கையைத் தட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கினார்.

பழைய பழக்கத்தில் நான் முதலில் சந்தேகப்பட்டது கருவியைத்தான். கீழே மருந்துக்கடையிலிருந்து இன்னொன்றை வாங்கி வந்து, நர்ஸின் கையில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தோம். ஒன்றும் வித்தியாசமில்லை. "என் கை செத்துப்போச்சு, வுடுங்க சார்" என்று அவள் கத்திய பிறகுதான் விட்டேன்.

பிரஷர் நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போனேன். பழைய காலத்து நாட்குறிப்புகளை விரும்பிப் படிப்பவன் நான். எழுதியவரின் கண்ணில் படாத விஷயம், பிறகு வேறு யாரோ இரண்டு தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது தெரியவருவதை அவற்றில் பலமுறை பார்த்திருக்கிறேன். மறுநாள் காலை மாஸ்டரின் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு தேதிக்கும் எதிரே கிழமையைப் பென்சிலால் எழுதினேன். அதிகமாக இருந்த மூன்றும் செவ்வாய். குறைவாக இருந்த ஒன்று வெள்ளி. அடுத்த பக்கம், ஓர் ஆயாவம்மா. அங்கும் செவ்வாய் அதிகம், இருமலுக்கு வந்த வெள்ளி குறைவு. இன்னும் சில பக்கங்களிலும் இதே கதைதான் என்றதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

மாஸ்டருக்குப் போன் செய்தேன். "பாய், செவ்வாய்க்கிழமை காலையில எழுந்ததுலேர்ந்து என்ன பண்ணுவீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"இன்னா சார் பண்ணுவேன்? ரத்தம் குடுக்கணும்ல. டீகூட குடிக்காம வருவேன்."

"மாத்திரை?"

"வெறும் வயித்துலயா? வயிறு புண்ணாயிடும் சார். ஊட்டுக்குப் போயி நாஷ்டா துன்னுட்டு போட்டுக்கலாம்னுதான் உடுவேன். எங்க, நேரா கறி வாங்கப் போவணும். மறந்துடும்."

"மத்த நாள்?"

"மத்த நாள் தப்பாம போட்டுருவேன். எம் பொஞ்சாதி உடுவாளா?"

வயிற்றில் ஏதாவது விழாமல் மாத்திரை போடக் கூடாது என்பதை எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பசியோடு ஒரு மாத்திரைகூட நானும் விழுங்கியதில்லை. ரத்தம் எடுக்கிற நாளையும் பிரஷர் பார்க்கிற நாளையும் ஒன்றாகச் சேர்த்தபோது, மாத்திரை போடாத ஒரே காலையில் எல்லோரையும் உட்காரவைத்து அளந்திருக்கிறேன். அந்த அளவை நம்பி, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிற மற்ற நாட்களுக்கும் சேர்த்து மருந்து கூட்டப்பட்டிருக்கிறது.

"பாய், தப்பு என்னோடது" என்று அவரிடமே முதலில் சொன்னேன். நடந்ததை விளக்கினேன்.

"அப்போ என் ஒடம்பு கெட்டுப்போவலியா சார்?" என்று மட்டும் கேட்டார். அதை டாக்டரம்மாதான் சொல்ல வேண்டும் என்றேன்.

டாக்டரம்மாவிடம் திங்கட்கிழமை நோட்டைக் கொண்டுபோனேன். பென்சில் குறிகளை அவர் வெகுநேரம் பார்த்தார். "நானும் ஒரு தடவைகூட கேக்கலையே சார். மாத்திரை போட்டீங்களான்னு கேப்பேன், எல்லாரும் ஆமாம்பாங்க. இன்னைக்குப் போட்டீங்களான்னு கேட்டதில்ல" என்றார். பிரஷர் மாத்திரையைத் தண்ணீரோடு போட்டுக்கொண்டே வரலாம், சர்க்கரை மாத்திரை மட்டும் சாப்பிட்ட பிறகு என்று சொல்லி, அதை எல்லோருக்கும் தெரிவிக்கச் சொன்னார். நானும் நர்ஸும் அந்த வாரம் முழுக்கப் போன் செய்தோம். மருந்து கூட்டப்பட்டிருந்த ஒவ்வொருவரையும் அவர் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். பிரஷர் நோட்டில் ஒரு கட்டம் கூடியது: இன்று மாத்திரை போட்ட நேரம்.

கார்த்திகை பிறந்து வந்த முதல் செவ்வாய்க்கிழமை மாஸ்டர் தனியாகவே வந்தார். சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, புதிதாகக் காலியாகியிருந்த குழியைக் காட்டிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். நர்ஸ் உப்பைப் பற்றிக் கேட்கவில்லை. ரத்தம் எடுத்தாயிற்று. டாக்டரம்மா உட்காரவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை பிரஷர் பார்த்தார்.

"பழைய மாத்திரை ஒண்ணே போதும். நல்லா இருக்கு."

"அடுப்புகிட்ட?"

"போலாம். குனிஞ்சு நிமிரும்போது மெதுவா. தலை லேசா சுத்தினாலும் உடனே உக்காந்துடணும், எனக்குப் போன் பண்ணணும்."

அவர் வெளியே வந்து என் மேசை முன் நின்றார். நான் பேனாவைத் திறந்தேன்.

"ஆறு நாப்பது சார். வெறும் தண்ணி." எழுதினேன். அவர் நகரவில்லை. "இன்னொண்ணும் எழுதிக்கோங்க. வர்ற ஞாயித்துக்கெழம, குத்தம்பாக்கத்துல ஒரு கல்யாணம். மூடிய நான்தான் தொறக்கறேன். நின்னுகினு."

அதற்கு என் நோட்டில் கட்டம் கிடையாது. ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.