கட்டில் ஒத்திகை

என் தோழியின் பாடையைத் தூக்க நாங்கள் நாலு பெண்கள் முன்கூட்டியே ஒத்திகை பார்த்திருந்தோம். ஒத்திகைக்குப் படுத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

பெண்களுக்காகவே எழுதிக்கொண்டிருந்தவள். குற்றாலத்தில் குளிக்க வரும் பெண்களுக்குத் துணி மாற்ற இடம் வேண்டும் என்று எழுதினாள். எழுதியதோடு விடாமல் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி அதிகாரிகளின் உயிரை வாங்கினாள். ஆனால் அவள் பேனா எடுத்த காரணம் வேறு. தென்காசியில் எங்கள் தெருவில் ஒரு சாவு என்றால், பெண்கள் தெருமுக்கு வரை அழுதுகொண்டு போய் அங்கேயே திரும்பிவிட வேண்டும். பெற்ற தாயை அப்படி முக்கில் விட்டுவிட்டு வந்த அன்றைக்குத்தான் தன் முதல் கட்டுரையை எழுதினாள். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இப்போதும் வருகிறது.

நோய் முற்றியதும் எங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்: தூக்குவது நாங்கள்தான், சுடுகாடு வரைக்கும். சொன்ன கையோடு கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "எங்க, தூக்குங்க பாப்போம்" என்றாள். மெலிந்து போயிருந்தாள், பெரிய பாரமில்லை. ஆனால் நான் குள்ளம். என் பக்கம் கட்டில் சரிந்தது.

"ஏட்டி, செத்த பொறவும் என்னைய உருட்டி விட்டுராதீங்க. இவ தோள்ல ஒரு துண்ட மடிச்சு வைங்க" என்றாள்.

வைத்ததும் கட்டில் நேரானது. சிரித்த சிரிப்பில் அவளைக் கீழே இறக்கி வைக்க வேண்டியதாயிற்று.

அவள் போன அன்று சாரல் விட்டு விட்டுப் பெய்தது. வீட்டில் நாங்கள் பாடையைத் தூக்கியபோது அவளுடைய தம்பி தடுக்கவில்லை. தெருமுக்கு வந்ததும் முன்னால் வந்து மறித்துக்கொண்டார். அழுத அழுகையில் நான் துண்டை மறந்திருந்தேன். பாடை என் பக்கம் சாய்ந்துதான் இருந்தது.

"சாயுது பாத்தியளாக்கா? பொம்பளையாளுவளால ஆகாது. எங்ககிட்ட குடுத்துட்டு இங்கனயே திரும்புங்க" என்று தோளைக் கொண்டுவந்தார்.

மூங்கில் என் எலும்பில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் துளி பயமில்லை. இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவளே சொல்லிவிட்டுத்தானே போயிருக்கிறாள்.

"தம்பி, உங்க தோளு வேண்டாம். துண்டக் குடுங்க" என்றேன்.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. மற்ற மூவரும் அசையவில்லை. அவர் பாடையில் கிடந்த தன் அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து, மூங்கிலுக்கும் என் தோளுக்கும் நடுவில் செருகிவிட்டு ஒதுங்கினார். பாடை நேரானது.

முக்கைத் தாண்டினோம். அவள் அம்மா போன அந்தப் பாதையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, நடுவில் ஓர் அடிபம்பு, அவ்வளவுதான். இதைப் பார்க்கவிடாமலா ஒரு மகளை முக்கில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள்?