காலை வணக்கம் நின்றுபோன வாரம்

என் மனைவி பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்ட ஆய்வும் செய்கிறாள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். நாம் அனுப்பும் ஒவ்வொரு படமும் எங்கோ ஒரு கட்டடத்திலுள்ள கணினிகளில் போய்த் தங்குகிறது, அவை இரவு பகலாக மின்சாரம் குடிக்கின்றன என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தச் செலவைக் குறைக்கும் மென்பொருளை எழுதுவதுதான் அவளுடைய ஆய்வு.

சோதித்துப் பார்க்க எங்கள் கோயில் அன்னதானக் குழுவைத் தேர்ந்தெடுத்தாள். அந்த வாட்ஸ்அப் குழுவில் விடிந்தால் முருகன், ரோஜாப்பூ, ஆவி பறக்கும் காப்பி என்று காலை வணக்கப் படங்கள் குவியும். எல்லாரும் சந்தோஷமாக அவளுடைய அளக்கும் செயலியைத் தங்கள் தொலைபேசியில் போட்டுக்கொண்டார்கள். வழக்கமான செலவை முதலில் அளந்து, பிறகு மென்பொருளைப் போட்டு ஒப்பிடுவது அவள் திட்டம்.

மறுநாள் காலை ஒரு படம்கூட வரவில்லை. அந்த வாரம் முழுக்க அப்படித்தான்.

"நீ குழுவில சொல்லேன்" என்றேன்.

"சொல்லாமலா? வழக்கம்போல இருங்கன்னு எழுதினேன். எல்லாரும் கட்டைவிரலத் தூக்கிக் காட்டுறாங்க. படம்தான் வரல." கணினியை மூடினாள். "மாசக் கடைசியில பேராசிரியர்கிட்ட காட்டணும். ஏற்கெனவே ஒரு தடவ தள்ளிப் போட்டாச்சு. பேசாம விட்டுடலாம்னு இருக்கு."

அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை கோயில் சமையல் கூடத்தில் நான் பூசணிக்காய் நறுக்குவேன், பாத்திரம் கழுவுவேன், வந்துவிடுவேன். நாலு பேர் நடுவில் பேசி எனக்குப் பழக்கமில்லை. அன்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பெரிய அடுப்பின் முன் நின்ற அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, ஏன் இப்பல்லாம் படம் அனுப்புறதில்ல?"

"என்னா தம்பி இப்படிக் கேட்டுட்டீங்க? டீச்சர் கரண்ட்டு அளக்குறாங்கல்ல? நாம அதிகமா செலவு பண்ணா அவங்களுக்குத்தானே மார்க் குறையும்! நான் போனையே ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன்லா!"

"சம்சாரம் கூப்பிட்டாலும் எடுக்கறதில்ல. நல்ல சாக்கு" என்றார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவசரமாகச் சொன்னேன். "அண்ணே, நீங்க எப்பவும் போல இருந்தாத்தான் அவ படிப்பு நடக்கும். இப்படி அடக்கி வாசிச்சா நின்னு போயிரும்."

அண்ணன் கரண்டியோடு விழித்தார். அக்காதான் புரியவைத்தார். "ரத்தத்துல சீனி சோதிக்கப் போறப்ப மட்டும் ஒரு வாரம் இனிப்பு தே தாரேக் டீயே குடிக்காம டாக்டர ஏமாத்துவீங்களே, அந்தக் கதைதான் அண்ணே இது."

"அடடா!" என்று அண்ணன் தலையில் கைவைத்தார்.

மறுநாள் விடியும்போதே மனைவியின் தொலைபேசி ஓயாமல் ஒலித்தது. பக்கத்தில் அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். முருகனும் ரோஜாவும் போதாதென்று அண்ணன் தேர் ஊர்வலத்தின் முழுக் காணொளியையும் அனுப்பியிருந்தார். கீழே அவருடைய குரல்: "டீச்சர், இது போதுமா? இன்னும் அனுப்பவா?"

"வழக்கம்போல போதும்ணே" என்று பதில் சொல்லிவிட்டு, அவள் எழுந்துபோய்க் கணினியைத் திறந்தாள்.