அருள் செஞ்ச காந்தத்தோட டயகமவுக்கு

2008 மாசி மாசம் ஹட்டன்ல இருந்து டயகமவுக்குப் போனேன். என் மகன் அருள் வெளிநாட்டுல தவறிட்டான். அங்கேயே தகனம் பண்ணிட்டாங்க, என்னால போக முடியல. அவன்கூட வேலை செஞ்ச மைதிலி, யாழ்ப்பாணத்துப் பொண்ணு, அவன் செஞ்ச காந்தம் ஒன்னைக் கொண்டுவந்து குடுத்துச்சு. அதை டயகமவுல அருளோட அப்பாவை அடக்கம் பண்ணின குழிக்குப் பக்கத்துல புதைக்கணும்னு ரெண்டு பேரும் கிளம்பினோம். நான் அஞ்சாவதுதான் படிச்சேன். சொல்லச் சொல்ல மக டைப் பண்றா.

காலை ஏழரைக்கு பஸ். தலவாக்கலை, அக்கரப்பத்தனை வழியா ரெண்டரை மணி நேரம், ஆளுக்கு அறுபது ரூபா. ஜன்னல் சீட்டு பிடிச்சா அருவி தெரியும்.

லிந்துலை தாண்டி ஒரு வளைவுல பை சரிஞ்சு, காந்தம் சீட்டுக் கால்ல ஒட்டிக்கிச்சு. கண்டக்டர் இழுத்துப் பார்த்தாரு.

"என்னங்க அக்கா, சீட்டையும் கழட்டிட்டுப் போகப் போறீங்களா?"

பஸ்ஸே சிரிச்சுது. நானும் சிரிச்சேன், ரொம்ப நாளைக்கப்புறம்.

"கரண்டே இல்லாம எப்படிம்மா இப்படிப் பிடிக்குது?"ன்னு மைதிலிகிட்ட கேட்டேன்.

"அதுதானம்மா அருளின்ட வேலை. கண்ணுக்குத் தெரியாத துகள்களைக் குழாய்க்குள்ள கத்தையா ஓடவிடுவம். அது சுவரில முட்டாமல் காந்தம்தான் வழிகாட்டும். முந்தி அங்க பூட்டியிருந்த காந்தத்துக்கு எந்நேரமும் கரண்ட் வேணும். சூடாகும், ஆறவைக்கத் தண்ணி ஓடிக்கொண்டே இருக்கும். இதுக்கு ரெண்டும் வேண்டாம்."

தோட்டத்து லயத்து வீட்டுல, பீலிக் குழாயில விழுற தண்ணிக்கு வாளியோட வரிசையில நின்னு வளர்ந்த புள்ள. தண்ணி மிச்சம் பண்றதை விட்டுட்டு வேற எதை யோசிப்பான்?

டயகமவுல இறங்கி அரை மணி நேரம் ஏத்தம். குழிமேட்டுல, அவங்க அப்பா குழிக்குப் பக்கத்துல, களை எடுக்கிற முள்ளுக் கரண்டியால மண்ணைக் கிளறினேன். மைதிலி காந்தத்தையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. முகம் சரியில்ல.

"என்னம்மா?"

"ஒண்டுமில்லயம்மா. இதின்ட இழுவை வருசக்கணக்கில குறையாமல் நிக்குமோ எண்டு அருள் அளந்துகொண்டிருந்தவன். அவன் போனபிறகு ஒருத்தரும் அளக்கேல்ல. உங்களிட்டத்தான் இருக்கவேணும் எண்டு வேலை இடத்தில நான் கேட்டு வாங்கினனான்."

"இன்னும் அளக்கலாமா?"

"அளக்கலாம்."

கரண்டியைக் கீழ வச்சேன். முந்தானையால காந்தத்துல ஒட்டின மண்ணைத் துடைச்சு, மைதிலி கையில குடுத்தேன்.

"அப்ப கொண்டு போம்மா. புள்ள பாதியில விட்ட வேலை, மண்ணுக்குள்ள கெடக்க வேணாம்."

அவங்க அப்பாவுக்குப் பூ மட்டும் வச்சோம்.

போறவங்க ஸ்வெட்டர் கொண்டு போங்க. ரெண்டு மணிக்கு மேல மூடுபனி இறங்கிரும், அட்டைக்கு உப்பு வேணும். திரும்புற பஸ் நேரத்தை இறங்கினதுமே கேட்டுக்கோங்க. மைதிலி வருசா வருசம் அளந்து போன் பண்றேன்னு சொல்லியிருக்கு. என்ன கணக்குன்னு எனக்குப் புரியாது. குறைஞ்சிருக்கா இல்லையான்னு மட்டும் கேட்டுக்குவேன்.