வலது சக்கரத்து ஆயில் சீல்

டிராக்டரைப் பார்க்க வந்த மெக்கானிக் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அண்ணன் நம்பர் சொல்லுங்கக்கா" என்பதுதான். நான் அப்போது வலது பக்கப் பெரிய சக்கரத்தின் அருகே குந்தியபடி, டயரின் உள்பக்கம் வழிந்திருந்த எண்ணெயை விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் என்றால் என் வீட்டுக்காரர். சத்தியவேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அங்கேயே அறை எடுத்துத் தங்கி, வார விடுமுறைக்கு மட்டும் பஸ் பிடித்து வருவார். அவர் போனதிலிருந்து டிராக்டரை ஓட்டுவது நான்தான். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவிலிருக்கும் எங்கள் ஊரில், பொம்பளை டிராக்டர் ஓட்டுகிறாள் என்று முதலில் சிரித்தார்கள். ஒரு போகம் முடிவதற்குள் சிரித்துச் சலித்துப்போய், தங்கள் நிலத்தையும் உழுது தரச் சொன்னார்கள். மாமனார் வாங்கிய பழைய வண்டி அது. அதில் எந்த மூலையில் சத்தம் மாறினாலும் எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு என்ன கோளாறு என்பதை மட்டும் கம்பெனியில் நிற்கிற ஆளிடம்தான் பேசவேண்டுமாம்.

மெக்கானிக் போனைக் காதில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தான். "ஆக்ஸில் சீல் போய்க் கீதுண்ணா. மாத்திட்டா சரியாப் பூடும்." அந்தப் பக்கத்திலிருந்து சரி என்று பதில் வந்திருக்கும். சக்கரத்தைக் கழற்றி, எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் சீலை மாற்றி, எண்ணெயில் ஊறியிருந்த பிரேக் கட்டைகளைப் பெட்ரோலில் கழுவி வெயிலில் காயவைத்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.

சில நாள் காய்ந்தே இருந்தது. பிறகு டயரின் உள்பக்கம் மறுபடி பளபளத்தது. துணியால் துடைத்துவிட்டு, பழைய எண்ணெய்தான் கசிகிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். எரு ஏற்றிய டிரெய்லரோடு ஏரிக்கரையிலிருந்து இறங்கிய அன்றைக்குத்தான் அது பொய் என்று தெரிந்தது. பிரேக்கை மிதித்தேன். இடது சக்கரம் மட்டும் பிடித்தது, வலது பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு திரும்ப, பின்னாலிருந்து டிரெய்லர் தள்ள, வேலிக்காத்தான் புதருக்குள் மூக்கை நுழைத்து நின்றது. கை முழுக்க முள் கீறல். இறங்கிப் பார்த்தால் வலது சக்கரத்தின் பிரேக் டிரம்மிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. பயம் அடங்கியதும் வந்தது ஆத்திரம்தான்.

மறுநாள் ஜாக்கி போட்டு அந்தச் சக்கரத்தைத் தூக்கினேன். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் உள்ளே 'டொக்' என்று ஆடியது. இடது பக்கத்தையும் தூக்கி ஆட்டிப் பார்த்தேன், அது அசையவில்லை. பேரிங் தேய்ந்திருக்கிறது, ஆக்ஸில் ஆடுகிறது, ஆட ஆட அது சீலைத் தின்கிறது என்று எனக்குப் பட்டது. மெக்கானிக் வந்ததும் சொன்னேன்.

"பர்வாலேதுக்கா, பழைய வண்டின்னா கொஞ்சம் ஆடத்தான் செய்யும். சீலுதான் டூப்ளிகேட்டு. ஒரிஜினல் போட்டா நிக்கும்" என்றவன், போனை எடுத்து, "அண்ணா, அக்கா பேரிங்குன்னு சொல்லிக்கினு கீறாங்க" என்று சிரித்தான். அண்ணன் சரி என்றதும் ஒரிஜினல் சீலைப் போட்டுவிட்டுப் போனான்.

சாயங்காலம் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "நீ இன்னாத்துக்கு அவன்கிட்ட சரின்னு சொன்னே?"

"அவன் மெக்கானிக்குமே. தினமும் இதே வேலை பண்றவன். நீ சும்மா ஆட்டிப் பாத்துட்டு பேரிங்குன்னா?"

"அந்த வண்டிய அவனும் ஓட்டல, நீயும் ஓட்டல. புதருக்குள்ள போனது நானு."

போனில் அவருக்குப் பின்னால் கேண்டீன் தட்டுகளின் சத்தம் கேட்டது. பத்து மணி நேரம் நின்றே வேலை பார்த்துவிட்டு வந்த மனிதர் என்று தெரியும். தெரிந்தாலும் கோபம் குறையவில்லை. போனை வைத்துவிட்டேன்.

ஒரிஜினல் சீலும் கசிந்தது.

இந்த முறை யாரையும் கூப்பிடாமல் நானே பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். "சார் ராலேதா அம்மா?" என்றார். சார் வரவில்லை, நான்தான் வந்திருக்கிறேன் என்று தெலுங்கிலேயே சொல்லி, வலது பக்க ஆக்ஸில் பேரிங் கேட்டேன். மாடல் கேட்டார், சொன்னேன். அந்த மாடலுக்கு இரண்டு அளவு வந்திருக்கிறது, பேரிங் மேல் நம்பர் இருக்கும், பழையதைக் கழற்றிக் கொண்டுவா என்றார். எடுத்துப்போய் அளவு சேராவிட்டால் திருப்பி வாங்கிக்கொள்வீர்களா என்றதற்குத் தலையை ஆட்டினார், மாட்டேன் என்று. வெறுங்கையோடு திரும்பினேன். ரேணிகுண்டா தாண்டும் வரை நின்றுகொண்டே வந்தேன்.

மெக்கானிக்கிடம் போனால் அவன், "பேரிங் கையில இல்லாம ஆக்ஸில எப்படிக்கா உருவறது? வண்டி பிரிச்சுப் போட்டபடி கெடக்கும்" என்றான். கழற்றாமல் கடைக்காரர் தரமாட்டார், வாங்கிவராமல் இவன் கழற்றமாட்டான். ஷெட் வாசலில் நின்று யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நின்றேன்.

அந்த வார விடுமுறைக்கு வீட்டுக்காரர் வந்தபோது சோறு போடுவதற்கு முன்பே அவரை வண்டியருகே கூட்டிப்போய், ஜாக்கி போட்டு, "ஆட்டிப் பாரு" என்றேன். ஆட்டினார். 'டொக்.' இன்னொரு முறை ஆட்டினார். முகம் மாறியது.

"இவ்ளோ ஆடுதா? நீ சொல்லவே இல்லியேமே."

"சொன்னேன். நீதான் அவன் சொன்னதக் கேட்டுக்கினு இருந்தே."

"சரி. இப்ப இன்னா பண்ணணும்?"

"அவன் கூப்பிட்டா நீ போன எடுக்காத. அவ்ளோதான்."

எடுக்கவில்லை. மெக்கானிக் எங்கள் களத்தில் நின்று திரும்பத் திரும்ப அழைத்தான். "அண்ணன் எடுக்கலியே" என்றான். "எடுக்க மாட்டாரு. எங்கிட்டப் பேசு. ஆக்ஸில உருவு. வண்டி எத்தினி நாளு கெடந்தாலும் நான் பாத்துக்கறேன்" என்றேன். என் முகத்தைப் பார்த்தவன் பெரிய ஸ்பேனரை எடுத்தான்.

ஆக்ஸில் வெளியே வந்தபோது பேரிங்கின் உருளைகளில் இரண்டு கையோடு உதிர்ந்தன. மற்றவை அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்து கிடந்தன. எனக்குள் ஒரு கொண்டாட்டம் கிளம்பியது. அது நிலைக்கவில்லை. அவன் ஆக்ஸிலைத் துடைத்து, சீல் உட்காரும் இடத்தில் என் நகத்தை வைத்துத் தடவச் சொன்னான். நகம் சிக்கியது. சுற்றிலும் ஆழமாக ஒரு கோடு.

"பேரிங் மாத்தினாலும் இதுல ஆயில் வரும்க்கா. லேத்துல குடுத்து அந்தக் கோட்டு மேல வளையம் மாதிரி ஸ்லீவ் ஏத்தணும்" என்றான். அது எனக்குத் தெரியாத விஷயம். அவனும் இரண்டு முறை சீல் மாற்றியபோதும் அதைத் தடவிப் பார்த்திருக்கவில்லை.

ஆக்ஸிலைச் சாக்கில் சுற்றித் திருப்பதிக்கு அனுப்பினோம். லேத் பட்டறையில் முதல் நாள் கரண்ட் இல்லை. அடுத்து வேலை குவிந்திருந்தது. அதற்கடுத்து ஆள் கல்யாணத்துக்குப் போயிருந்தான். அந்த நாட்களில்தான் மழை வந்தது. எல்லோரும் எதிர்பார்த்திருந்த நல்ல மழை. என் வண்டி ஒற்றைப் பக்கம் சக்கரமில்லாமல் செங்கல் அடுக்கின் மேல் நிற்க, வரப்புக்கு அந்தப் பக்கம் வேற்றூர் டிராக்டர்கள் நடவுக்குச் சேறு கலக்கிச் சேடை ஓட்டிக்கொண்டிருந்தன. நான் உழுது தருவதாக வாக்குக் கொடுத்திருந்த பக்கத்து நிலத்துக்காரர், "தப்பா எடுத்துக்காதம்மா, தண்ணி நிக்கும்போதே ஓட்டிடணும்" என்று என்னிடமே வந்து சொல்லிவிட்டுப் போனார். தப்பாக எடுத்துக்கொள்ள அவரிடம் என்ன இருக்கிறது?

ஸ்லீவ் ஏற்றிய ஆக்ஸிலும், பழையதைக் காட்டி வாங்கிவந்த புது பேரிங்கும், இன்னொரு சீலும் ஒருவழியாக உள்ளே போயின. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. சேற்றில் முழுநாள் ஓட்டிவிட்டு இறங்கி டயரின் உள்பக்கத்தைத் தடவினேன். சேறு மட்டும்தான் இருந்தது. பிரேக் இரண்டு பக்கமும் ஒன்றாகப் பிடித்தது. சந்தோஷப்பட்டிருக்கவேண்டும்.

ஆனால் ஆக்ஸில் இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று காத்திருந்ததில் எங்கள் நாற்றங்காலில் நாற்று முற்றிவிட்டது. வேறு நாற்றுக்கு எங்கே போவது? அதையே பிடுங்கி நட்டோம். முற்றிய நாற்று தூர் கட்டி அடராது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வயலும் அப்படித்தான் வந்தது. அடுத்த வயல் அடர்ந்து நிற்க, எங்கள் பயிர் தண்ணீர் தெரியத் தெரிய நின்றது.

விடுமுறைக்கு வந்த வீட்டுக்காரர் வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தார். "அன்னிக்கே நீ சொன்னதக் கேட்டிருக்கணும்மே" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை, சமாதானமும் ஆகவில்லை. மடை அடைத்திருந்தது. மண்வெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு, "அதத் தொறந்து வுடு" என்றேன்.