சகினாலி ஓடிப்போகவில்லை

கலிபா முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் ஊராரின் பேச்சுக்கு இணைப்புக் கொடுத்தவள். அந்தப் பேச்சில் அவளுடைய மூத்த அண்ணன் சகினாலி அடிக்கடி வருவான், குதிரைத் திருடனாக. 1983 குளிரில் கூட்டுப்பண்ணையின் பொலிகுதிரையோடு கணவாய் ஏறியவன் திரும்பவில்லை. குதிரையை விற்றுவிட்டு ஓடிவிட்டான் என்று ஊர் ஒரே வாரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அங்கே கொலைகாரன் வீட்டோடுகூடச் சம்பந்தம் வைப்பார்கள். குதிரைத் திருடன் வீடென்றால் வாசல் மிதிக்க மாட்டார்கள். கலிபாவின் மகனுக்கு இரண்டு சம்பந்தம் அப்படித்தான் முறிந்தது.

ஓய்வு பெற்ற மறுவாரமே தேடக் கிளம்பினாள். கிர்கிஸ் மலைநாட்டின் நரினிலும் அக்கம்பக்கத்து மாவட்டங்களிலும் ஆவணக் கிடங்குகளில் ஆறு வருடம் தூசி தின்றாள். "துப்பறியும் அக்கா வந்தாச்சு, கதவைச் சாத்துங்கப்பா!" என்று குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களிடமே கெஞ்சிக் கட்டுகளை அவிழ்க்க வைத்தாள்.

கணவாய்க்கு அந்தப் பக்கத்து மாவட்டத்தில் இரண்டு தாள்கள் கிடைத்தன. ஒன்று, 1984 வசந்தத்தில் பனி உருகியபோது ஓர் ஆணின் உடலும் சேணத்தோடு ஒரு குதிரையும் வெளிப்பட்டதாகச் சொன்னது. சட்டைப்பையில் இருந்த அட்டையில் பெயர் சகினாலி. உங்கள் ஊர் ஆளா என்று தந்தியில் கேட்டிருந்தார்கள். மற்றது, கலிபாவின் ஊர்க் காவல் நிலையத்திலிருந்து போன பதில்: "இப்பெயரில் எவரும் காணாமற்போகவில்லை." கையெழுத்து, கொச்கோர்பாய். அனாதைப் பிணமென்று புதைத்துவிட்டார்கள்.

சொந்த ஊர்க் கோப்பைப் பிரித்தபோது அவளுக்கு உடம்பு எரிந்தது. காணாமற்போனவர் பெயர், மிர்சா. புகார் கொடுத்தவள் சின்ன அண்ணனின் மனைவி ஜூரா. சின்ன அண்ணன் தேடி மலையேறிவிட்டதால், புதிதாய்க் கல்யாணமான ஜூராதான் நிலையத்துக்குப் போயிருந்தாள். கணவனின் மூத்தவர் பெயரை மருமகள் வாயால் சொல்லலாமா? கைதாராளமானவர் என்ற பொருளில் அவளே அவருக்கு வைத்திருந்த மாற்றுப் பெயரான 'மிர்சா'வைச் சொல்லியிருக்கிறாள்.

கொச்கோர்பாய் உயிரோடுதான் இருந்தார், எண்பது வயது, ஊர்ப் பெரியவர். ஜூராவை இழுத்துக்கொண்டு கலிபா அவர் வீட்டுக்குப் போனாள். அவருடைய மருமகள் தேநீர் கொண்டுவந்தாள்.

"ஏம்மா, உன் மாமனார் பேரென்ன?" என்றாள் கலிபா.

அந்தப் பெண் முகம் சிவந்து, முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அத எப்படிக்கா நான் சொல்ல?"

"பாத்தீங்களா அண்ணே? உங்க வீட்டுலயே வாயத் தொறக்க மாட்டேங்குது. எங்க அண்ணி மட்டும் எப்படிச் சொல்லியிருப்பா?"

"அவ சொன்னத எழுதுனேன். தந்தி வந்தப்ப பதிவேட்டப் பாத்துப் பதில் போட்டேன். சட்டம் அவ்வளவுதான்."

"சட்டமா? நீங்க கிர்கிஸ்காரன் இல்லையா? வேற யாரையாவது கூப்பிட்டுப் பேரு கேட்டீங்களா? அவ கையில ஒரு பேனாவக் குடுத்தீங்களா? வாயாலதான் சொல்லக் கூடாது, எழுதலாமே!"

ஜூரா அழுதாள். "எம் பாவந்தான் செல்லம். நானே சொல்லித் தொலைச்சிருக்கணும்."

"நீங்க சும்மா இருங்க அண்ணி. இருவது வயசுப் பொண்ணு பயந்து நின்னா. உத்தியோகத்துல இருந்தது இவரு. நடந்தத இவரே எழுதிக் குடுக்கட்டும்."

கிழவர் கிண்ணத்தையே பார்த்தார். "நாப்பது வருஷமாச்சு. இப்ப எழுதி வாங்கி யாருக்குக் காட்டப் போற? பாதிப் பேரு மண்ணுக்குள்ள."

"என் மவனுக்குப் பொண்ணு இல்லேன்னவன் மண்ணுக்கு மேலதானே திரியறான்? அவனுக்கு!"

கொச்கோர்பாய் எழுதினார். யாரைப் பற்றிப் புகார் வந்தது, எந்தப் பெயர் பதிவானது, தந்திக்கு என்ன பதில் போனது, எல்லாவற்றையும். மன்னிப்பு என்ற சொல் மட்டும் அதில் இல்லை. கலிபா அதைக் கேட்கவும் இல்லை. கேட்டு வாங்கிய மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஆண்கள் வெளியே வந்தபோது, பள்ளிவாசல் எதிரே நின்று அந்தத் தாளை வாசித்தாள். சிலர் தலை குனிந்தார்கள். ஒருவர் கைகளை ஏந்திப் பிரார்த்தித்தார். சிலர் சாப்பாட்டு நேரமென்று நடையைக் கட்டினார்கள். போகிறவர்கள் காதிலும் விழட்டுமென்று, அண்ணனின் பெயர் வந்த வரியைக் கலிபா இன்னும் உரக்க, முதலிலிருந்து வாசித்தாள்.